சட்டையில் முளைக்கும் உருண்டைகள்: கலப்பு நூலின் கதை

டெரிகாட்டன் சட்டை லேசில் கிழியாது. சாயமும் சீக்கிரம் போகாது. ஆனால் அதைப் பள்ளிச் சீருடையாக ஓராண்டு போட்ட எல்லோருக்கும் ஒன்று தெரியும். புத்தகப் பை உரசும் தோளிலும், காலர் மடிப்பிலும் கடுகு போலச் சின்னச் சின்ன உருண்டைகள் கிளம்பியிருக்கும். பிய்த்தால் வந்துவிடும், அடுத்த வாரம் மறுபடியும் முளைக்கும். ஆலைக்காரர்கள் இதை 'பில்லிங்' என்கிறார்கள். துணி உறுதியாகவே இருக்கும், பார்வைக்கு மட்டும் பழசாகிவிடும். இந்தச் சின்ன உருண்டைக்குப் பின்னால் ஒரு பெரிய வரலாறு இருக்கிறது.

பருத்தி மட்டும் இருந்த காலம்

விழுப்புரம் மாவட்டத்தின் வானூர் வட்டம் புதுச்சேரியை ஒட்டி இருப்பது. துணி என்றால் இந்தப் பகுதிக்கு முதலில் நினைவுக்கு வருவது புதுச்சேரியின் மூன்று ஆலைகள்தான். 1820களின் இறுதியில் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய சவானா ஆலை பிற்காலத்தில் சுதேசி மில் ஆனது. 1892இல் வந்த கெப்ளே ஆலை பாரதி மில் ஆனது. 1898இல் வந்த ரோடியர் மில்தான் ஏ.எஃப்.டி. என்று அழைக்கப்பட்ட ஆலை. சுற்றுவட்டாரக் கிராமங்களின் பல தலைமுறைகள் இவற்றை நம்பி வாழ்ந்தன. எட்டு மணி நேர வேலை உள்ளிட்ட உரிமைகளுக்கான போராட்டத்தில் 1936 ஜூலை 30 அன்று 12 தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டதும் இங்கேதான்.

பிரெஞ்சுக்காரர் காலத்தில் புதுச்சேரியிலிருந்து 'கினே' என்ற நீலச் சாயத் துணி கப்பல் ஏறி ஆப்பிரிக்காவின் செனகல் வரை போனது. அது முழுக்கப் பருத்தி. பருத்தித் துணியிலும் பிசிறு உண்டு. பஞ்சின் இழை குட்டையானது, எனவே நூலின் மேல் எங்கும் இழை முனைகள் நீட்டிக்கொண்டே இருக்கும். அப்படியென்றால் அந்தக் காலத்து வேட்டியில் உருண்டை ஏன் பெரிய தொல்லையாக இல்லை?

இதற்கு விடை இரண்டு. முதலாவது கஞ்சி. நெசவுக்கு முன் பாவு நூலுக்குக் கஞ்சி போடுவது பிசிறைப் படிய வைத்து நூலை வலுவாக்கத்தான். துவைத்த பிறகு வீட்டில் வேட்டிக்குப் போடும் கஞ்சியும் அதே வேலையைச் செய்கிறது. இரண்டாவது, பருத்தி இழையின் பலவீனம். வளைந்து வளைந்து உரசினால் அது ஒடிந்துவிடும். உருண்டை திரண்டாலும் அதைத் துணியோடு கட்டி வைத்திருக்கும் இழைகள் துவைக்கும் கல்லில் அடிபட்டு அறுந்துவிடும், உருண்டையும் தண்ணீரோடு போய்விடும்.

டெரிலின் வந்தது

1941இல் இங்கிலாந்தின் லங்காஷயரில் வின்ஃபீல்டு, டிக்சன் என்ற இரண்டு வேதியியலாளர்கள் பாலியஸ்டர் இழையை உருவாக்கினார்கள். போர் முடிந்த பிறகு அது பிரிட்டனில் 'டெரிலின்' என்றும் அமெரிக்காவில் 'டேக்ரான்' என்றும் சந்தைக்கு வந்தது. 1960களின் நடுவில் மும்பையை அடுத்த தானேயில் 'டெரீன்' என்ற பெயரில் இந்தியாவிலேயே தயாராகத் தொடங்கியது.

தனி பாலியஸ்டர் நம் ஊர் வெயிலுக்கு ஒத்துவராது, வியர்வையை உறிஞ்சாது. எனவே அதைப் பஞ்சோடு கலந்து நூற்றார்கள். 67 பங்கு பாலியஸ்டர், 33 பங்கு பருத்தி என்பது பரவலான அளவு. இதுதான் டெரிகாட்டன். துவைத்துக் காயப்போட்டால் இஸ்திரி இல்லாமலே போடலாம், பல ஆண்டு உழைக்கும். மாற்றுத் துணி இரண்டே இரண்டு வைத்திருந்த குடும்பங்களுக்கு இது வரப்பிரசாதம் என்றால் மிகையாகாது. 1985ஆம் ஆண்டின் ஜவுளிக் கொள்கை பருத்தி, செயற்கை இழை இரண்டையும் சமமாகப் பார்க்க வேண்டும் என்றது. அதன் பிறகு கலப்புத் துணி எல்லா ஊர்க் கடைகளுக்கும் வந்துவிட்டது.

கூடவே உருண்டையும் வந்தது.

பலமே குறையானது

உருண்டை எப்படி உருவாகிறது என்பதை ஜின்டிஸ், மீட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1959இல் தெளிவாக விளக்கினார்கள். மூன்று படிகள். முதலில் உரசலால் இழை முனைகள் வெளியே வந்து பிசிறு உண்டாகிறது. பிறகு பக்கத்துப் பக்கத்துப் பிசிறுகள் ஒன்றோடொன்று சிக்கி உருள்கின்றன. கடைசியில், உருண்டையைத் தாங்கும் இழைகள் அறுந்து அது உதிர்கிறது.

பருத்தியில் மூன்றாவது படி விரைவாக நடந்துவிடுகிறது. பாலியஸ்டரில் அது நடப்பதில்லை. எவ்வளவு வளைத்தாலும் அந்த இழை ஒடியாது. உதிர வேண்டிய உருண்டையை அது விடாமல் பிடித்துக்கொள்கிறது. கலப்புத் துணியில் அறுந்த பஞ்சு இழைகளும் அதே உருண்டைக்குள் போய்ச் சேர்ந்து அதைப் பெரிதாக்குகின்றன. ஆக, எந்த உறுதிக்காக மக்கள் டெரிகாட்டனை வாங்கினார்களோ அந்த உறுதிதான் அதன் அழகையும் கெடுத்தது.

தடுக்கும் வழிகள்

அறுபது ஆண்டுகளுக்கு மேலாகக் கண்டுபிடிக்கப்பட்ட வழிகள் அனைத்தையும் இரண்டே வரியில் சொல்லிவிடலாம். ஒன்று, இழை முனையை வெளியே வர விடாதே. இல்லாவிட்டால், வந்த முனை சீக்கிரம் உதிரும்படி செய்.

முதல் வழி நூற்பாலையில் தொடங்குகிறது. இழை நீளமாக இருந்தால் முனைகளின் எண்ணிக்கை குறையும். நூலுக்கு முறுக்கு கூட்டினால் இழைகள் இறுகும். இரண்டு நூலைச் சேர்த்து முறுக்கும் இரட்டைப் புரியில் பிடிப்பு இன்னும் அதிகம். ஜப்பானின் முராடா நிறுவனம் 1997இல் காட்சிக்கு வைத்த வோர்டெக்ஸ் முறை, காற்றின் சுழலால் வெளி இழைகளை நூலைச் சுற்றி இறுக்கிக் கட்டுகிறது. அடுத்தது நெசவு. பாவும் ஊடையும் நெருக்கமாகப் பின்னிய துணியில் உருண்டை குறைவு. தளர்வாகப் பின்னிய பனியன் துணியில் அதிகம்.

நெய்த பிறகும் வழி உண்டு. துணியை வேகமாகத் தீச்சுடரின் மேல் ஓட விட்டுப் பிசிறைப் பொசுக்குவார்கள். இதற்கு 'சிஞ்சிங்' என்று பெயர். பருத்தி சாம்பலாகிவிடும், ஆனால் பாலியஸ்டர் உருகி முனையில் மணி போல நிற்கும். சாயம் போடும்போது அந்த மணி மட்டும் அடர்த்தியாகச் சாயம் ஏறிப் புள்ளியாகத் தெரியும். அதனால் கலப்புத் துணியைச் சாயமிட்ட பிறகே பொசுக்குவதும் உண்டு. ஏறத்தாழ 180 முதல் 200 டிகிரி வெப்பத்தில் துணியை இழுத்துப் பிடித்து நிலைப்படுத்தும் 'ஹீட் செட்டிங்' முறையும் இழைகளை இடத்தில் அமர வைக்கும்.

இரண்டாவது வழியில் இழையையே கொஞ்சம் பலவீனமாக்குகிறார்கள். மூலக்கூறுச் சங்கிலியைச் சற்றுக் குட்டையாக்கித் தயாரித்த பாலியஸ்டர் இழை உரசலில் ஒடிந்துவிடும், உருண்டையும் உதிரும். இப்படி உறுதியில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்துத்தான் அழகைக் காப்பாற்ற முடிந்தது.

1990களிலிருந்து திருப்பூர் பனியன் தொழிலில் பரவிய 'பயோ வாஷ்' வேறு மாதிரி. செல்லுலேஸ் என்ற நொதி பருத்திப் பிசிறை அரித்து நீக்குகிறது. ஆனால் பாலியஸ்டரை அது தொடாது. எனவே கலப்பு நூலுக்கு இது பாதி மருந்துதான்.

பெட்டிக்குள் ஒரு பரீட்சை

துணி தேறுமா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. ரப்பர் போன்ற குழாய்களில் துணியைச் சுற்றி, உள்ளே கார்க் பதித்த பெட்டியில் போட்டுச் சுழற்றுவார்கள். நிமிடத்துக்கு 60 சுற்று, ஐந்து மணி நேரத்தில் 18,000 சுற்று. பிறகு 5 முதல் 1 வரை மதிப்பெண். 5 என்றால் உருண்டையே இல்லை, 1 என்றால் மிக மோசம். கோவையில் 1956இல் தொடங்கிய தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகமான சிட்ரா போன்ற இடங்களில் துணிகள் இப்படிப் பலவகையாகச் சோதிக்கப்படுகின்றன. வெளிநாட்டு வாங்குபவர் மதிப்பெண் கேட்பார், அதனால் ஏற்றுமதித் துணி பரீட்சை எழுதுகிறது. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் துணிக்கு அப்படிக் கேட்க ஆள் இல்லை.

யார் கணக்கில்?

மேலே சொன்ன ஒவ்வொரு வழிக்கும் செலவு உண்டு. முறுக்கு கூட்டினால் ஆலையில் உற்பத்தி குறையும். இரட்டைப் புரிக்கு இன்னொரு இயந்திரம் வேண்டும். பொசுக்கவும் சூடாக்கவும் எரிபொருள் வேண்டும். விலையைக் குறைக்க நினைக்கும்போது முதலில் கழிக்கப்படுவது இவைதான். கடையில் தொட்டுப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. இன்னும் சொல்லப்போனால், மென்மைக்காக அதிகமாகச் சேர்க்கும் சிலிக்கான் பூச்சு இழைகளை வழுக்க வைத்து உருண்டையைக் கூட்டவே செய்கிறது. கடையில் பட்டுப் போல இருந்த துணி நான்கு சலவையில் சொரசொரப்பாவது இதனால்தான்.

புதுச்சேரியின் மூன்று ஆலைகளும் 2020க்குள் மூடப்பட்டுவிட்டன. வானூர்ச் சந்தையில் இன்று வாங்கும் சட்டைத் துணி எங்கோ தொலைவில் நூற்று, எங்கோ நெய்யப்பட்டது. உருண்டை வராமல் தடுக்க என்ன செய்ய வேண்டும் என்பது இந்தத் தொழிலுக்குப் பல ஆண்டுகளாகத் தெரியும். தெரிந்தும் செய்யாமல் மிச்சம் பிடித்த காசுதான், ஒரே சட்டையை ஆண்டு முழுவதும் போடுகிற பிள்ளையின் தோளில் உருண்டையாக முளைக்கிறது.