1982ஆம் ஆண்டு லீக் பருவமும் பினாங்கு மாநிலமும்

பினாங்குத் தீவின் வரலாற்றை எழுதப் புகுவோர் 1786ஆம் ஆண்டில் பிரான்சிஸ் லைட் கரையேறிய நாளிலிருந்து தொடங்குவது வழக்கம். துறைமுகத்தைப் பற்றியும், சரக்குக் கப்பல்களைப் பற்றியும், நாகப்பட்டினத்திலிருந்து வந்திறங்கிய நம் முன்னோரைப் பற்றியும் ஏடுகள் பல உள. ஆயின் அம்முன்னோரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் மாலை வேளைகளில் எதற்காகத் திடலுக்கு ஓடினர், எதற்காக வானொலிப் பெட்டியைச் சூழ்ந்து அமர்ந்தனர் என்பது பற்றி நம் மொழியில் எழுதப்பட்டவை மிகச் சிலவே. அக்குறையில் ஒரு சிறு பகுதியையேனும் தீர்க்கும் நோக்குடன் 1982ஆம் ஆண்டின் தேசியக் காற்பந்து லீக் பருவத்தை எடுத்துக்கொள்கிறேன். மலேசியாவில் லீக் வெற்றியாளருக்கென்று தனியாக ஒரு கிண்ணம் வழங்கப்பட்ட முதல் ஆண்டு அது. அதனைப் பெற்ற முதல் மாநிலம் பினாங்கு.

இச்செய்தியை ஆறாம் ஆண்டு மாணவர்களிடம் ஒருமுறை கூறினேன். இங்கிலாந்தின் லீக் பட்டியலை மேலிருந்து கீழாக ஒப்பிக்கத் தெரிந்த பிள்ளைகள் அவர்கள். ஒருவன் எழுந்து, "அப்படியானால் அந்த ஆண்டு மலேசியக் கிண்ணமும் நமக்குத்தானே கிடைத்தது, ஐயா?" என்றான். "இல்லை, அது சிலாங்கூருக்குப் போயிற்று" என்றேன். "முதலாவதாக வந்தது நாம், கிண்ணம் அவர்களுக்கா?" என்று அவன் கேட்டது வகுப்பையே சிரிக்க வைத்தது. நான் சிரிக்கவில்லை. அவ்வினாவுக்கு விடை கூற வேண்டுமானால் அறுபது ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

எச்.எம்.எஸ். மலாயா என்னும் பிரிட்டிஷ் போர்க்கப்பல் 1921ஆம் ஆண்டில் இக்கரைகளுக்கு வந்தது. அதன் அதிகாரிகளும் மாலுமிகளும் தம்மை வரவேற்று விருந்தோம்பியவர்களுக்கு நன்றியாகக் கிண்ணமொன்றை வழங்கினர். அதுவே மலாயாக் கிண்ணம். அவ்வாண்டிலேயே போட்டி தொடங்கிற்று. முதல் இறுதியாட்டத்தில் சிங்கப்பூர் சிலாங்கூரை வென்றது. 1967ஆம் ஆண்டு முதல் அப்போட்டி மலேசியக் கிண்ணம் எனப் பெயர் பெற்றது. மாநிலங்கள் பல்லாண்டுகள் வடபகுதி, தென்பகுதி எனப் பிரிந்து ஆடின. தத்தம் பகுதியில் முந்தியவை இறுதிக் கட்டத்திற்குச் சென்றன. ஆகவே கெடாவும் பினாங்கும் பேராக்கும் ஒன்றையொன்று நன்கு அறிந்திருந்தன. தெற்கிலுள்ள மாநிலத்தோடு மோதும் வாய்ப்பு அரிதாகவே வாய்த்தது. நாட்டின் அணிகள் யாவும் ஒன்றோடொன்று மோதிப் பார்த்து யார் வல்லவர் என்று முடிவு கட்டும் முறை அன்று இல்லை.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய நிலையன்று. காற்பந்தின் தாயகமான இங்கிலாந்திலேயே கிண்ணப் போட்டி 1871ஆம் ஆண்டில் தோன்றியது; லீக் 1888ஆம் ஆண்டில்தான் வந்தது. ஆஸ்டன் வில்லா சங்கத்தைச் சேர்ந்த வில்லியம் மெக்ரெகர் என்பவரின் எண்ணத்தில் உதித்து, பன்னிரண்டு சங்கங்களோடு அது தொடங்கிற்று. செருமனியில் நாடு தழுவிய லீக் 1963ஆம் ஆண்டு வரை காத்திருந்தது. இந்தியாவில் மாநிலங்கள் மோதும் சந்தோஷ் கோப்பை 1941ஆம் ஆண்டில் தொடங்கியபோதும், தேசிய லீக் 1996இல்தான் பிறந்தது. கிண்ணம் முன்னும் லீக் பின்னும் வருவதே எங்கும் கண்ட வரிசை. கிண்ணத்திற்கு ஒரு நாள் போதும்; லீக்குக்குப் பல மாதங்களும், பயணச் செலவும், எல்லா ஊர்களும் ஏற்கும் ஓர் ஒழுங்கும் வேண்டும். 'பருவம்' என்ற உழவர் சொல்லையே நாம் இதற்கும் வழங்குகிறோம். ஒரு நாள் மழையைக் கொண்டு விளைச்சலைக் கணிக்க இயலாது என்பதை அறிந்தவர்கள் ஆக்கிய சொல் அது.

மலேசியக் காற்பந்துச் சங்கம் 1979ஆம் ஆண்டில் பகுதிப் பிரிவினையை நீக்கி, அணிகளை ஒரே லீக்கில் இணைத்தது. ஆயின் அந்த லீக் ஒரு சல்லடையாகவே கருதப்பட்டது. அதில் முதல் நான்கு இடங்களைப் பெறும் அணிகள் மலேசியக் கிண்ண அரையிறுதிக்குச் செல்லும். அதன் பிறகே மெய்யான போட்டி என்று மக்கள் எண்ணினர். 1979, 1980, 1981 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் பட்டியலின் உச்சியில் நின்ற அணிக்குக் கையில் ஏந்திக் காட்ட ஒன்றும் இல்லை. நான்காவதாக வந்த அணிக்கு எந்த உரிமையோ அந்த உரிமையே முதல் அணிக்கும். இந்தக் குறை 1982ஆம் ஆண்டில் நீங்கியது. லீக் முதல்வருக்கும் ஒரு கிண்ணம் என்றாயிற்று.

அப்பொழுது பினாங்கு எந்நிலையில் இருந்தது என்பதைச் சற்று விரித்துக் கூற வேண்டும். 1953, 1954, 1958 ஆகிய ஆண்டுகளில் மலாயாக் கிண்ணத்தை வென்ற மாநிலம் இது. அதன் பிறகு ஒரு நெடிய வறட்சி. 1968ஆம் ஆண்டு இறுதியாட்டத்தில் சிலாங்கூர் 8-1 என்னும் கணக்கில் நம்மைத் தோற்கடித்ததை முதியவர்கள் இன்றும் தாழ்ந்த குரலில்தான் சொல்வர். அடுத்த ஆண்டும் அதே சிலாங்கூரிடம் இறுதியில் தோல்வி. எனினும் அந்தத் தலைமுறையில்தான் பினாங்கு நாட்டுக்கே ஆட்டக்காரர்களை அளித்தது. 1972ஆம் ஆண்டு மூனிக் ஒலிம்பிக்கில் மலேசியா அமெரிக்காவை 3-0 என வென்றபோது கோல் அடித்தவர்களில் பினாங்கின் சகாருடின் அப்துல்லாவும் முகமது பக்காரும் இருந்தனர். முகமது பக்காரின் தம்பியரான அலி பக்கார், ஈசா பக்கார் ஆகியோரின் பெயர்களை அறியாத வீடு இத்தீவில் இருந்திருக்க முடியாது. 1974ஆம் ஆண்டில் பேராக்கை வென்று மலேசியக் கிண்ணம் மீண்டும் வந்தது. 1977ஆம் ஆண்டில் கூடுதல் நேரம் வரை சென்ற இறுதியாட்டத்தில் சிங்கப்பூரிடம் 3-2 என இழந்தோம். குவா கிம் சோங் தலையால் முட்டி அடித்த அந்த இறுதிக் கோலை மறக்க எங்கள் பக்கத்தில் பலருக்கு நெடுங்காலம் ஆயிற்று. 1982 பிறந்தபோது மாநிலம் ஒரு வெற்றிக்காக எட்டாண்டுகளாகக் காத்திருந்தது.

அவ்வாண்டு எனக்குப் பன்னிரண்டு வயது. செபராங் பிறையில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் எங்கள் லயன் வீடு. தோட்டத்துத் திடலில் பால்மரக் கன்றுகளுக்கு அப்பால் இரண்டு மூங்கில்களை நட்டு, அவற்றையே கோல் கம்பமாகக் கொண்டு ஆடுவோம். எங்களுக்குள் ஒரு தீராத வழக்கு இருந்தது. மாநில உணர்வால் நாங்கள் பினாங்குக்காரர்கள். ஆனால் சிலாங்கூர் அணியின் கோல் காவலராக விளங்கியவர் ஆர். ஆறுமுகம். தேசிய அணியிலும் அவரே நின்றார். நீண்ட கைகளால் பந்தைப் பிடிக்கும் அவருக்கு 'ஸ்பைடர்மேன்' என்று பட்டப்பெயர். எதிரணியில் நிற்பவர் நம்மவராக இருக்கும்போது எவருக்குக் கைதட்டுவது? பெரியவர்கள் பினாங்கு கோல் அடிக்கவும் வேண்டும், ஆறுமுகத்தின் மேல் பழி வரவும் கூடாது என்று வேண்டிக்கொண்டனர். 1988ஆம் ஆண்டில் சாலை விபத்தில் அவர் மறைந்த செய்தி வந்த அன்று எங்கள் தோட்டத்தில் எவரும் அவரைச் சிலாங்கூர்க்காரர் என்று சொல்லவில்லை.

அப்பருவத்தில் ஒருமுறை என் அண்ணன் என்னை ஜார்ஜ்டவுன் நகர விளையாட்டரங்கத்திற்கு அழைத்துச் சென்றார். பினாங்குப் பாலம் 1985ஆம் ஆண்டில்தான் திறக்கப்பட்டது. ஆதலால் பெருநிலத்து மக்கள் அனைவரும் பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரியில்தான் தீவுக்குச் செல்ல வேண்டும். தீவுக்குப் போகும்போதுதான் கட்டணம், திரும்பும்போது இல்லை. அணி தோற்றாலும் வீடு திரும்பக் காசு வேண்டியதில்லை என்று அண்ணன் வேடிக்கையாகச் சொல்வார். அரங்கத்தில் மலாய்க்காரரும் சீனரும் தமிழரும் தோளோடு தோள் நெருக்கி நின்றனர். என் உயரத்திற்கு ஆட்டம் பாதிதான் தெரிந்தது. மற்றதைக் கூட்டத்தின் ஓசையைக் கொண்டு அறிந்துகொண்டேன். ஒரே நேரத்தில் மூன்று மொழிகளில் எழுந்த வசவுகளையும் அங்குதான் முதன்முதலாகக் கேட்டேன். ஓர் ஆசிரியர் இதை எழுதலாமா என்று தயக்கம் உண்டு. ஆயினும் வரலாறு வரலாறே.

பருவம் முடிந்தபோது பட்டியலின் உச்சியில் பினாங்கு நின்றது. புதிய கிண்ணம் தீவுக்கு வந்தது. ஆனால் தோட்டத்தில் பெரும் கொண்டாட்டம் எதுவும் நடந்ததாக எனக்கு நினைவில்லை. "இது லீக்தானே, கிண்ணம் இனிமேல்தான்" என்றே பெரியவர்கள் பேசிக்கொண்டனர். அவர்கள் மேல் பிழை கூறுவதற்கில்லை. அறுபத்தோராண்டுப் பழக்கம் ஓராண்டில் மாறிவிடுமா? பின்னர் மலேசியக் கிண்ண இறுதியாட்டத்தில் மோதியவை சிலாங்கூரும் திரங்கானுவும். வென்றது சிலாங்கூர். நாட்டின் முதல் லீக் வெற்றியாளரைப் பற்றிய பேச்சு அத்துடன் அடங்கிற்று. அந்த மாணவனின் வினாவுக்கு விடை இதுவே: கிண்ணங்கள் இரண்டாயின, மக்களின் மனத்தில் மட்டும் ஒன்றே இருந்தது.

இந்த வெற்றியின் மதிப்பைக் குறைப்பவர்கள் ஒரு காரணம் காட்டுவதுண்டு. நுழைவுச்சீட்டு வசூலைப் பங்கிடுவதில் எழுந்த பிணக்கால் சிங்கப்பூர் அவ்வாண்டில் விலகி நின்றது. 1985ஆம் ஆண்டில்தான் திரும்பியது. வலிமை மிக்க ஓர் அணி இல்லாத லீக்கில் பெற்ற வெற்றி வெற்றியா என்பது அவர்கள் கேள்வி. திரும்பிய அதே ஆண்டில் சிங்கப்பூர் லீக்கை வென்றதையும் சான்றாகக் காட்டுவர். இதில் ஓரளவு நியாயம் உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் அதே அளவுகோலைக் கொண்டு அவ்வாண்டின் மலேசியக் கிண்ணத்தை எவரும் அளப்பதில்லையே. அங்கும் சிங்கப்பூர் இல்லை. கிண்ணத்திற்கு ஒரு நீதி, லீக்குக்கு ஒரு நீதி என்பதை நான் ஏற்பதற்கில்லை.

நம் பள்ளிகளில் இதனை ஒத்த ஒரு வழக்கு நெடுநாள் நடந்தது. 1988ஆம் ஆண்டில் தொடங்கிய யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021ஆம் ஆண்டில் நீக்கப்படும் வரை, ஆறாண்டுப் படிப்பின் மதிப்பைச் சில நாள் தேர்வே முடிவு செய்தது. அது போன பிறகும், "ஏழு ஏ எடுத்த பிள்ளை" என்றே பெற்றோர் பழைய மாணவரை அடையாளம் கூறுகின்றனர். ஆண்டு முழுவதும் ஒழுங்காக வீட்டுப்பாடம் செய்த பிள்ளைக்கு அப்படி ஒரு பெயர் வாய்க்கவில்லை.

1982க்குப் பிந்திய வரலாற்றைச் சுருங்கவே சொல்லலாம். 1989ஆம் ஆண்டில் லீக் இரு பிரிவுகளோடு பகுதித் தொழில்முறைக்கு மாறியது. 1994இல் முழுத் தொழில்முறை லீக் ஆயிற்று. அதே காலத்தில் ஆட்டங்களை விலைபேசும் ஊழல் வெளிப்பட்டது. 21 பேர் நீக்கப்பட்டனர். 58 ஆட்டக்காரர்கள் தடை செய்யப்பட்டனர். 1994ஆம் ஆண்டில் லீக்கையும் கிண்ணத்தையும் ஒருங்கே வென்ற சிங்கப்பூர் அடுத்த பருவத்திற்குமுன் விலகிச் சென்றது. அரங்கங்களில் கூட்டம் குறைந்தது. பார்ப்பது மெய்யான ஆட்டமா என்ற ஐயம் புகுந்துவிட்டால் ரசிகனை மீண்டும் அழைப்பது எளிதன்று. அந்த ஐயத்தின் நடுவேதான் 1998ஆம் ஆண்டில், லீக் மீண்டும் இரு பிரிவுகளாகப் பிரிக்கப்பட்ட பருவத்தில், பினாங்கு முதற்பிரிவை வென்றது. அவ்வணியை நினைப்பவர்கள் மொராக்கோ நாட்டு முன்னணி ஆட்டக்காரர் மெர்சாகுவா அப்துல் ரசாக்கை மறப்பதில்லை. 2001ஆம் ஆண்டில் மூன்றாம் முறையாக லீக் நமக்குக் கிடைத்தது, 2002இல் எஃப்.ஏ. கிண்ணமும் வந்தது. பிறகு சரிவும், இரண்டாம் பிரிவு வாழ்வும். 2020ஆம் ஆண்டில் அப்பிரிவை வென்று மேலேறி, 2021ஆம் ஆண்டில் சூப்பர் லீக்கில் மூன்றாம் இடம் பெற்றது பினாங்கு. 2014 தொடங்கிப் பத்துக்கும் மேற்பட்ட பருவங்களில் தொடர்ந்து லீக்கை வென்றது ஜொகூர் டாருல் தாக்சிம்.

மூன்று லீக் வெற்றிகளில் 1998ஐயும் 2001ஐயும் நினைவுகூர்வோர் இன்றும் பலர் உளர். 1982க்குச் சான்று சொல்ல வேண்டியவர்கள் குறைந்து வருகின்றனர். அன்றைய ஆட்டச் செய்திகளைத் தோட்டத்தில் நாங்கள் உரக்கப் படித்த தமிழ் நேசன் நாளிதழும் 2019ஆம் ஆண்டில் நின்றுவிட்டது. அதன் பழைய பக்கங்களை எந்த இல்லத்துப் பரணிலாவது கண்டெடுக்கும் மாணவர், விளையாட்டுப் பக்கத்தையும் கிழிக்காமல் வைக்க வேண்டுகிறேன்.

இக்கட்டுரையை எழுதத் தொடங்குமுன் என் அண்ணனைக் கண்டேன். பினாங்கு வென்ற ஆண்டுகளில் எது நினைவிருக்கிறது என்று கேட்டேன். "எழுபத்து நாலு" என்றார் சற்றும் தயங்காமல். "எண்பத்திரண்டு?" என்றேன். நெற்றியைத் தேய்த்துக்கொண்டு சிறிது நேரம் இருந்தார். பிறகு, "ஆட்டம் முடிஞ்சி ரெண்டு பேரும் ஃபெரிக்குக் காத்துக் கிடந்தோமே தம்பி, நீ என் மடியில தூங்கிப் போயிட்டியே, அந்த வருசமா?" என்றார்.