கடலடி இளவரசன் நேமோர்: வெகுளியும் நிலைபேறும்

முன்னுரை

காப்பியத் தலைவன் தன்னேரில்லாதவனாய் இருத்தல் வேண்டும் என்பது தண்டியாசிரியர் கொள்கை. அமெரிக்கச் சித்திரக்கதைகளின் தலைவர்களும் பெரும்பாலும் இவ்வரையறைக்குள் அடங்குவர். 1938-இல் தோன்றிய சூப்பர்மேன் ஆற்றலில் நிகரற்றவன். அவ்வாற்றலை எளியோரைக் காத்தற்கே பயன்படுத்துபவன். அடுத்த ஆண்டிலேயே இதற்கு மாறான ஒருவன் தோன்றினான். தலைவனுக்குரிய பிறப்பும் வீரமும் அவனுக்கு உண்டு. ஆயின் பகைவனுக்குரிய செயல்களை அவன் செய்வான். சப்மரினர் எனப்படும் அக்கடலடி இளவரசன் நேமோரை முரண்தலைவன் எனல் பொருந்தும். எண்பது ஆண்டுகள் கடந்தும் அவன் படிப்போர் உள்ளத்தினின்று நீங்காமைக்குக் காரணம் யாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தோற்றம்

நேமோரைப் படைத்தவர் பில் எவரெட் (1917–1973). கதையும் ஓவியமும் அவருடையனவே. திரையரங்குகளில் இலவசமாக வழங்கத் திட்டமிடப்பட்ட இதழ் ஒன்றற்காக அவர் இதனை எட்டுப் பக்கங்களில் வரைந்தார். அவ்விதழ் நிலைபெறவில்லை. பின்னர் நான்கு பக்கங்கள் கூட்டப்பெற்று, 1939 அக்டோபர் எனத் தேதியிட்டு டைம்லி நிறுவனம் வெளியிட்ட ‘மார்வெல் காமிக்ஸ்’ முதல் இதழில் அக்கதை இடம்பெற்றது. ‘ரோமன்’ என்னும் சொல்லின் ஆங்கில எழுத்துகளைத் தலைகீழாக நிறுத்தின் ‘நேமோர்’ என்னும் பெயர் கிடைக்கும்.

கதைப்படி, 1920-இல் ‘ஆரக்கிள்’ என்னும் அமெரிக்கக் கப்பல் தென்முனைக் கடலுக்குச் செல்கிறது. பனியைப் பிளக்க மாலுமிகள் வைத்த வெடிகள், அவர்கள் அறியாமலே, கீழே வாழும் கடல்மக்களை அழிக்கின்றன. ஒற்றறிய அனுப்பப்பட்ட அரசன் மகள் ஃபென், கப்பல் தலைவன் மெக்கென்சியை மணக்கிறாள். அவர்கள் மகனே நேமோர். நீலநிற மக்களிடையே அவன் வெண்ணிறத்தவன். நீரிலும் நிலத்திலும் உயிர்க்க வல்லவன். கணுக்கால்களில் சிறு சிறகுகள் உடையவன். இரு குடிக்கும் உரியவன் ஆதலின் இரு குடியிலும் அயலான்.

முதற்கதையில் அவன் செய்யும் முதற்செயல் கருதத்தக்கது. மூழ்கிய கப்பலை ஆராய வந்த மூழ்குநர் இருவரை, மனிதர் என்றறியாமல் எந்திரங்கள் எனக் கருதிக் கொன்றுவிடுகிறான். அதன் பின்னரே தன் குடி பட்ட துன்பத்தைத் தாய் வாயிலாகக் கேட்டு நிலவுலகின்மீது போர் தொடுக்கிறான். நிலமக்கள் அறியாது கடல்மக்களைக் கொன்றனர். அவன் அறியாது நிலமக்களைக் கொன்றான். இரு பக்கத்தும் அறியாமையே கொலைக்கு முதலாதல் காண்க.

இலக்கிய உறவு

கடலடியில் வாழ்ந்து நிலவுலகை வெறுக்கும் தலைவனைப் பிரெஞ்சு நாவலாசிரியர் ஜூல்ஸ் வெர்ன் முன்னரே படைத்திருந்தார். நீர்மூழ்கிக் கப்பலின் தலைவன் நெமோ 1870-இல் நிறைவுற்ற நாவலில் தோன்றுகிறான். 1875-இல் வெளிவந்த மற்றொரு நாவலில், அவன் புந்தேல்கண்டைச் சார்ந்த இந்திய இளவரசன் என்பதும், 1857-ஆம் ஆண்டு எழுச்சியில் ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்டவன் என்பதும் வெளிப்படுகின்றன. பெயரொலியின் ஒப்புமை ஒன்றைக் கொண்டே எவரெட் வெர்னைப் பின்பற்றினார் எனத் துணிதல் கூடாது. ஆயினும், குடியை இழந்த இளவரசன் கடலைப் புகலாகக் கொள்ளும் கருத்து இருவரிடத்தும் ஒத்திருத்தல் குறிப்பிடத்தக்கது.

வெகுளியின் நிலைக்களன்

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் வெகுளிக்கு நான்கு நிலைக்களன்கள் கூறுவார். அவற்றுள் ஒன்று ‘குடிகோள்’. தன்னைச் சார்ந்தோர்க்குப் பிறர் சூழும் கேடு என இதனைச் சுருங்கக் கூறலாம். நேமோரின் சினம் முற்றிலும் இவ்வகையினது. அவன் பொன்னுக்காகவோ புகழுக்காகவோ சினந்தானல்லன். இந்நிலைக்களனே அவனைக் கொடியோரினின்று பிரிக்கிறது. கொடியவன் சினத்தைப் படிப்போர் அஞ்சுவர். நேமோரின் சினத்தைக் கண்டு அஞ்சுவதோடு, அதற்கு விடை கூறவும் இயலாது நிற்பர்.

1940-இல் அவன் நியூயார்க் நகரைத் தாக்கியபோது, கார்ல் பர்கோஸ் படைத்த தீமனிதன் அவனை எதிர்த்தான். தனித்தனித் தொடர்களின் தலைவர் இருவர் பொருத அப்போர் வெற்றி தோல்வியின்றி, பெட்டி டீன் என்னும் காவற்பெண் சந்து செய்விக்க முடிவுற்றது. நேமோரைத் தோற்கடிக்க அவனைப் படைத்தோரும் விரும்பவில்லை என்பது இதனாற் பெறப்படும்.

மாறும் காரணம், மாறாச் சினம்

நேமோர் வரலாற்றில் சினம் ஒன்றே. அதன் காரணமோ காலந்தோறும் புதுப்பிக்கப்பெறுகிறது. 1939-இல் காரணம் தென்முனை ஆராய்ச்சி. அமெரிக்கரான பேர்ட் 1929-இல் தென்முனையின்மீது பறந்த செய்தி அக்காலத்து மக்களுக்குப் பழையதன்று. போர் மூண்டபின் நேமோரின் சினம் அச்சு நாடுகளின்மேல் திரும்பியது. போர் முடிந்தபின் அவனுக்கு வேலை குறைந்தது. அவன் பெயர் தாங்கிய இதழ் 1949-இல் நின்றது. 1954-இல் மீண்டும் தொடங்கி அடுத்த ஆண்டே முடிந்தது.

1962-இல் ஸ்டான் லீயும் ஜாக் கர்பியும் அவனை மீட்டனர். ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ நான்காம் இதழில், அவன் நினைவிழந்து, தாடி வளர்ந்து, நியூயார்க்கின் ஏழையர் விடுதியில் கிடக்கிறான். கடலில் இடப்பட்டதும் நினைவு மீள்கிறது. தன் நகரை நாடிச் சென்றவன் அணுகுண்டுச் சோதனைகளால் அது பாழாய்க் கிடத்தலைக் காண்கிறான். பிகினித் தீவில் 1946-இல் நீருக்கடியில் அணுகுண்டு வெடிக்கப்பட்டது வரலாறு. ஆதலின் இக்கற்பனைக்கு அடிப்படை உண்மையே. பின்வந்த கதைகளில் கடல் மாசுபடுதலும் காரணமாயிற்று. 2022-இல் ரையன் கூக்ளர் இயக்கிய திரைப்படமோ, பதினாறாம் நூற்றாண்டில் ஐரோப்பியர் வருகையாற் கெட்டு நீருட் புகுந்த மாயர் வழியினனாக அவனைக் காட்டிற்று. அன்பற்றவன் எனப் பொருள்படும் ஸ்பானியத் தொடரினின்று அவன் பெயர் பிறந்ததாகவும் அப்படம் புதிது புனைந்தது.

ஒரு மறுப்பு

1990-இல் தொடங்கிய தொடரில் ஜான் பர்ன், நேமோரின் குருதியில் உயிர்க்காற்றின் அளவு நிலைபெயர்தலே அவன் சினத்திற்குக் காரணம் என்றார். இது கதைமுரண்களை நீக்கும் திறமான உத்தியே. ஆயினும் ஏற்றற்கரியது. சினம் நோயாயின் அது மருந்தை வேண்டும். முறையீடாயின் நீதியை வேண்டும். முறையீட்டை நோயாக்கின், முறையிடப்பட்டோர் குற்றம் மறைந்துபோம்.

முடிவுரை

நேமோரின் செயல்கள் அனைத்தும் அறமாகா. நகரின்மீது அவன் எழுப்பும் பேரலை குற்றமற்றோரையும் கொல்லும். எனினும் அவன் கதையைப் படிப்போர் யாவரும் நிலமக்களே என்பதை மறத்தலாகாது. பிற தலைவர்கள் படிப்போரைக் காக்க வருகின்றனர். இவனோ படிப்போர்மீது வழக்குரைக்க வருகிறான். அவ்வழக்கில் ஒரு பகுதி உண்மை என ஒவ்வொரு தலைமுறையும் தன் காலத்துச் சான்றுகொண்டு உணர்கிறது. அவனது நிலைபேற்றிற்கு அவன் ஆற்றலினும் தீராத அவ்வழக்கே காரணம் எனக் கொள்க.