செபியா

பெங்களூர் யெலஹங்கா விமானக் கண்காட்சியில் எடுத்த தேஜஸ் படத்துக்கு ‘செபியா போட்டால் பழசாகிவிடும்’ என்றார் காக்ஸ் டவுன் ஸ்டுடியோக்காரர். செபியாவுக்கும் பழமைக்கும் பிறப்பிலேயே உறவில்லை. கிரேக்கத்தில் அது கணவாய் மீன். பின்பு அதன் மை. பின்பு அந்த மையின் பழுப்பு. புகைப்படத்திலோ கணவாய்க்கு வேலையே கிடையாது. அச்சிலிருந்த வெள்ளியைக் கந்தகத்தால் வெள்ளி சல்பைடாக்கினார்கள்; நிறம் பழுத்தது, படம் நெடுநாள் நின்றது. நிலைக்கவைத்த வித்தைக்கு இன்று ‘பழசு’ என்று பொருள்! 1951இல் பறந்த எச்.டி.–2 பயிற்சி விமானத்துக்குச் செபியா பொருந்தும். நீலம் போய் உலோகமும் மேகமும் மட்டும் மிஞ்சும். 2001இல் முதன்முதலாகப் பறந்த தேஜஸுக்கு வெறும் வேஷம். செபியாவைத் தமிழில் ‘கணவாய் நிறம்’ என்றால் மலைக்கணவாய் குறுக்கிடும். ஈழத்தார் பழுப்பைச் சொல்லும் ‘கபிலம்’ அழகுதான், பெங்களூரில் எடுபடாது. எனக்குச் ‘செம்பழுப்பு’ போதும்.