'அடையாள வேட்பாளர்' என்றொரு சொல்

1972 ஜனவரி 25 அன்று, நியூயார்க் நகரத்தின் புரூக்ளின் பகுதியிலுள்ள கான்கார்ட் பாப்டிஸ்ட் தேவாலயத்தில் ஷெர்லி சிஷோம் ஓர் அறிவிப்பைச் செய்தார். அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு ஜனநாயகக் கட்சியின் வேட்பாளராகத் தன்னைத் தேர்ந்தெடுக்கும்படி கேட்டுக் களமிறங்குவதாகச் சொன்னார். அன்று சிபிஎஸ் தொலைக்காட்சியில் செய்தி வாசித்தவர் வால்டர் கிரான்கைட். தேர்தலில் இறங்குவதைத் 'தொப்பியைக் களத்தில் வீசுவது' என்று சொல்வது ஆங்கில வழக்கு. புதிய தொப்பி ஒன்று விழுந்திருக்கிறது என்று தொடங்கியவர், தொப்பி என்பதைவிடப் பெண்கள் கட்டும் நாடாக் குல்லாய் என்று திருத்திக்கொண்டார். அதில் பகை ஏதுமில்லை, சின்ன வேடிக்கைதான். ஆனால் அந்த ஆண்டு முழுவதும் ஊடகங்கள் சிஷோமை எப்படி நடத்தப்போகின்றன என்பது அந்த ஒரு திருத்தத்திலேயே தெரிந்துவிட்டது.

யார் இந்த சிஷோம்? பார்படோசிலிருந்தும் அன்றைய பிரிட்டிஷ் கயானாவிலிருந்தும் குடியேறிய உழைப்பாளிப் பெற்றோரின் மகள். மழலையர் பள்ளி ஆசிரியையாக வேலை பார்த்தவர். நியூயார்க் மாநிலச் சட்டமன்றத்தில் இருந்துவிட்டு, 1968இல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார். அந்த அவைக்குள் நுழைந்த முதல் கறுப்பினப் பெண் அவரே. விலைபோகாதவள், எந்த முதலாளிக்கும் கட்டுப்படாதவள் என்பதுதான் அவருடைய முழக்கம். தன் அரசியல் வாழ்வில் கறுப்பர் என்பதற்காகச் சந்தித்த பாகுபாட்டைவிடப் பெண் என்பதற்காகச் சந்தித்ததே அதிகம் என்று அவர் பலமுறை சொல்லியிருக்கிறார்.

இத்தனை அனுபவம் உள்ளவரை ஊடகங்கள் ஒரே சொல்லில் ஒதுக்கின: 'அடையாள வேட்பாளர்.' இந்தச் சொல் வேலை செய்யும் விதத்தைப் பார்ப்போம். வெல்ல முடியாதவர், எனவே செய்தியில் இடமில்லை. செய்தியில் இல்லாததால் மக்களுக்குத் தெரிவதில்லை, பணமும் சேர்வதில்லை. வாக்கு குறைகிறது. பிறகு, "நாங்கள் அப்போதே சொன்னோமே" என்று அதே ஊடகம் சொல்லிக்கொள்கிறது.

இதற்கு அவருடைய ஆதரவாளர்கள் எப்படி எதிர்வினையாற்றினார்கள் என்பதே இங்கு நம் அக்கறை. அந்த எதிர்வினை ஒரே மாதிரியாக இருக்கவில்லை.

முதலில், அந்தச் சொல் ஆதரவாளர்களுக்குள்ளேயே புகுந்தது. 1971இல் தேசியப் பெண்கள் அரசியல் குழுவைத் தொடங்கியவர்களில் சிஷோமும் ஒருவர். ஆனால் அந்த வட்டத்தின் ஆதரவே முழுமையாக வரவில்லை. குளோரியா ஸ்டைனெம் நியூயார்க்கில் சிஷோமின் பிரதிநிதியாகப் போட்டியிட்டார். சிஷோமின் பெயர் வாக்குச்சீட்டில் இல்லாத மாநிலங்களில் ஜார்ஜ் மெக்கவர்னை ஆதரித்தார். கறுப்பின ஆண் தலைவர்கள் பலர், தங்களைக் கலந்துகொள்ளாமல் இறங்கிவிட்டார் என்று குறைப்பட்டார்கள். மார்ச்சில் இண்டியானா மாநிலத்தின் கேரி நகரில் கூடிய கறுப்பினத்தவர் அரசியல் மாநாடு அவருக்கு ஆதரவு தரவில்லை. எதிரியின் ஏளனத்தைவிட, வேண்டியவர்களின் அரைமனதுதான் ஒரு வேட்பாளரை அதிகம் களைக்க வைக்கும்.

இரண்டாவது எதிர்வினை முணுமுணுப்போடு நிற்காமல் நீதிமன்றம் வரை போனது. ஜூன் 6 அன்று கலிபோர்னியாவில் வாக்குப்பதிவு. அதற்கு முன் ஹியூபர்ட் ஹம்ப்ரியும் மெக்கவர்னும் நேருக்கு நேர் வாதிடும் நிகழ்ச்சிகளைப் பெரிய தொலைக்காட்சி நிறுவனங்கள் ஏற்பாடு செய்தன. சிஷோமுக்கு அழைப்பில்லை. ஒரு வேட்பாளருக்கு நேரம் கொடுத்தால் மற்றவர்களுக்கும் சம வாய்ப்புத் தரவேண்டும் என்கிறது 1934ஆம் ஆண்டின் தகவல்தொடர்புச் சட்டம். செய்தி நேர்காணல்களுக்கு 1959இல் விலக்கு அளிக்கப்பட்டது. இவை நேர்காணல்கள்தாம் என்று நிறுவனங்கள் வாதிட்டன. ஒழுங்குமுறை ஆணையமும் ஒத்துக்கொண்டது. பொதுநல வழக்கறிஞரின் துணையோடு சிஷோம் தரப்பு மேல்முறையீடு செய்தது. வாக்குப்பதிவுக்குச் சில நாட்களே இருந்தபோது நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. தொலைக்காட்சியில் அவருக்கு அரைமணி நேரம் கிடைத்தது. அந்த உரையை எழுத உதவியவர் ஸ்டைனெம். எங்களைப் பற்றி நல்லதாகச் சொல்லுங்கள் என்று அவர்கள் ஊடகத்திடம் கெஞ்சவில்லை. சட்டப்படி எங்களுக்குரிய நேரத்தைக் கொடுங்கள் என்றார்கள்.

மூன்றாவது எதிர்வினை சிஷோமுக்கு எதிராகவே திரும்பியது. மே 15 அன்று, நிறவெறி அரசியலுக்குப் பேர்போன போட்டி வேட்பாளர் ஜார்ஜ் வாலஸ் சுடப்பட்டார். சிஷோம் மருத்துவமனைக்குப் போய் அவரைப் பார்த்தார். அதுவரை அவரைக் கண்டுகொள்ளாத ஊடகத்துக்கு இது செய்தியானது. ஆதரவாளர்கள் பலர் கொதித்தார்கள். ஊடகத்துக்கு அவர் ஓர் அடையாளம். ஆதரவாளர்களுக்கும் அவர் களங்கமில்லாத ஓர் அடையாளமாக இருக்கவேண்டியிருந்தது. அரசியல்வாதியாக அவர் எடுக்கும் முடிவுகளுக்கு இரண்டு பக்கமும் இடமில்லை. 1974இல் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் வீட்டுவேலைத் தொழிலாளர்களுக்கும் விரிவானது. அதற்குத் தென்மாநில உறுப்பினர்களின் வாக்குகளைத் திரட்ட வாலஸ் உதவினார் என்று சிஷோம் பின்னாளில் சொன்னார்.

நான்காவது எதிர்வினை இளையவர்களுடையது. வாக்களிக்கும் வயது 18ஆகக் குறைக்கப்பட்ட பின் நடந்த முதல் அதிபர் தேர்தல் அது. ஓக்லாந்தின் மில்ஸ் கல்லூரியில் கறுப்பின மாணவர் சங்கத் தலைவியாக இருந்தார் பார்பரா லீ. இரண்டு பிள்ளைகளைத் தனியாக வளர்த்துக்கொண்டே படித்தவர். எந்த வேட்பாளர்மீதும் நம்பிக்கை இல்லாதவர். வாக்காளராகப் பதிவுகூடச் செய்யாதவர். கல்லூரிக்குப் பேச வந்த சிஷோம் அவரிடம் சொன்னது, முதலில் பெயரைப் பதிவு செய் என்பதுதான். லீ பதிவு செய்தார். வடக்குக் கலிபோர்னியாவில் பிரச்சாரத்தில் இறங்கினார். 1998இல் அவரே நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார். 2001 செப்டம்பரில், அதிபருக்குப் போர் அதிகாரம் வழங்கும் தீர்மானத்தை எதிர்த்து இரு அவைகளிலும் விழுந்த ஒரே வாக்கு அவருடையது.

ஜூலையில் மயாமி பீச்சில் கூடிய கட்சி மாநாடு மெக்கவர்னைத் தேர்ந்தெடுத்தது. சிஷோமுக்கு 152 பிரதிநிதிகள் வாக்களித்தார்கள். அவர்களில் ஹம்ப்ரி விடுவித்த கறுப்பினப் பிரதிநிதிகளும் உண்டு. அந்தக் கணக்கையும் மறைக்க வேண்டியதில்லை. அதற்கு முன், மாநிலங்களின் தொடக்கத் தேர்தல்களில் சுமார் 4 லட்சத்து 30 ஆயிரம் பேர் அவருக்கு வாக்களித்திருந்தார்கள். வெல்லமாட்டார் என்று தினமும் கேட்டபடியே வாக்குச்சாவடிக்குப் போனவர்கள் இவர்கள்.

பெண்களின் அரசியல் வரலாற்றைப் படிக்கும் மாணவிகள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த ஆண்டின் செய்திகளை மட்டும் வைத்து எழுதினால், சிஷோம் ஒரு நாடாக் குல்லாயாகவும் ஓர் அடையாளமாகவும் வந்துபோவார். அவருடைய ஆதரவாளர்கள் இருக்கவே மாட்டார்கள். அவர்கள் எங்கே இருக்கிறார்கள்? நீதிமன்ற மனுவில், மாநாட்டு வாக்குக் கணக்கில், ஒரு கல்லூரி மாணவி தன் பெயரைச் சேர்த்த வாக்காளர் பட்டியலில். நாம் தேடவேண்டிய இடங்களும் அவைதாம்.