கீழ்ப்பாக்கமும் சாரதா மேனன் அம்மையாரும்

கீழ்ப்பாக்கம் என்பது சென்னை மாநகரின் ஒரு பகுதியைச் சுட்டும் இடப்பெயர். ஆயினும் தமிழ்ப் பேச்சு வழக்கில் அது ஆகுபெயராகி, மனநோயையும் மனநோயாளரையும் எள்ளும் சொல்லாக நெடுங்காலம் வழங்கி வந்துள்ளது. ‘கீழ்ப்பாக்கத்திற்கு அனுப்ப வேண்டிய ஆள்’ என்று சொல்லி நகையாடாத திண்ணைப் பேச்சு இல்லை எனலாம். இறைவனைப் பித்தன் என உரிமையோடு விளித்த மொழி, உண்மையிலேயே சித்தம் கலங்கி நின்ற மனிதரைப் புறத்தே நிறுத்திற்று. அவர்களை மீண்டும் வீட்டிற்குள்ளும் வீதிக்குள்ளும் அழைத்துவர ஆறு பத்தாண்டுகளுக்கும் மேலாக உழைத்தவர் டாக்டர் சாரதா மேனன்.

கீழ்ப்பாக்க மருத்துவமனையின் வரலாறு பழமையானது. 1794-ஆம் ஆண்டில் வாலன்டைன் கானலி என்னும் கம்பெனி மருத்துவர் சென்னையில் தொடங்கிய காப்பகமே அதன் வித்து. பின்னர் 1871-இல் கீழ்ப்பாக்கத்தின் லோகாக் தோட்டத்தில் பெரிய காப்பகம் எழுந்தது. 1922-இல் அதற்கு மனநல மருத்துவமனை எனப் பெயர் சூட்டப்பட்டது. பெயர் மாறியதேயன்றிக் கண்ணோட்டம் எளிதில் மாறவில்லை. 1912-ஆம் ஆண்டின் சட்டம் மனநோயாளரைப் பேண வேண்டியவராகக் கருதியதைவிடக் காவலில் வைக்க வேண்டியவராகவே பெரிதும் கருதியது.

சாரதா மேனன் 1923 ஏப்ரல் 5 அன்று மங்களூரில் ஒரு மலையாளக் குடும்பத்தில் பிறந்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, பெங்களூரின் அகில இந்திய மனநல நிறுவனத்தில் சிறப்புப் பயிற்சி பெற்றார். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என அவரைக் குறிப்பிடுவர். 1959-இல் கீழ்ப்பாக்க மருத்துவமனையில் பணியேற்ற அவர், 1961-இல் அதன் முதல் பெண் கண்காணிப்பாளரானார். 1978 வரை அப்பொறுப்பை வகித்தார்.

மனநோய்க்கான புதிய மருந்துகள் நம் நாட்டில் பரவத் தொடங்கியிருந்த காலம் அது. மருந்து, நோயின் கொந்தளிப்பைத் தணிக்கும். ஆனால் தணிந்தவர் எங்கே செல்வார்? ஏற்க உறவும், செய்யத் தொழிலும் இல்லையெனில் மருத்துவமனையே அவருக்கு ஆயுள் முழுதும் வீடாகிவிடும். இவ்வினாவையே அம்மையார் தம் பணியின் மையமாகக் கொண்டார். உள்ளிருப்போர்க்குத் தொழிற்பயிற்சி, குடும்பத்தினரைச் சிகிச்சையில் பங்கேற்கச் செய்தல் ஆகியவற்றை அவர் வலியுறுத்தினார். மாவட்ட மருத்துவமனைகளில் மனநலப் புறநோயாளர் பிரிவுகள் அமைவதிலும் அவர்க்குப் பங்குண்டு. தொலைவிலுள்ள ஊரிலிருந்து நோயுற்றவரைச் சென்னைக்கு அழைத்துவந்து விட்டுச்செல்லும் நிலை மாற, இது இன்றியமையாத வழியாயிற்று.

ஓய்வு பெற்றபின் அவர் ஓய்ந்திருக்கவில்லை. மனச்சிதைவு நோயர்க்கான ஆய்வும் மறுவாழ்வும் ஒருங்கே நிகழும் ‘ஸ்கார்ஃப்’ நிறுவனத்தை 1984-இல் சென்னையில் தோற்றுவித்தார். நூற்றுக்கு ஏறத்தாழ ஒருவரை வாழ்நாளில் தாக்கக்கூடியது என்பர் அந்நோயை. வளர்ப்பு முறையின் குற்றமென்றும் முன்வினைப் பயனென்றும் பழி சுமந்த பெற்றோர்க்கு, இது மூளை சார்ந்த நோய், மருத்துவம் உண்டு என்று சொல்ல ஓர் இடம் கிடைத்தது.

அவ்விடம் எவ்வளவு தேவையானது என்பதை 2001 ஆகஸ்டு 6 உணர்த்தியது. அன்று ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகம் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த மனநோயாளர் தப்பியோட இயலாமல் மாண்டனர். உயிரிழந்தோர் 28 பேர். சங்கிலியிடுவதை வெளிப்படையாகத் தடைசெய்த மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இல்தான் வந்தது.

1992-இல் பத்மபூஷண் விருதும், 2016-இல் தமிழக அரசின் ஔவையார் விருதும் அம்மையாரைச் சிறப்பித்தன. 2021 டிசம்பர் 5 அன்று, தம் 98-ஆம் வயதில் சென்னையில் மறைந்தார்.

ஔவையின் பெயரால் அமைந்த விருது மருத்துவர் ஒருவரைச் சேர்ந்ததில் நமக்கும் ஒரு செய்தி உண்டு. பித்தும் பேதலிப்பும் கவிதையில் நாம் தாராளமாகக் கையாளும் உருவகங்கள். அவற்றை எழுதுமுன், அச்சொற்களைத் தன் உடன்பிறந்தார்மீது எறியப்பட்ட கல்லாகக் கேட்டு வளர்ந்த ஒருவர் நம் அவையில் அமர்ந்திருக்கக்கூடும் என எண்ணுதல் நன்று. சட்டம் சங்கிலியைத் தடைசெய்துவிட்டது. சொல்லால் பூட்டிய சங்கிலியைக் கழற்றும் பொறுப்பு சொல்லை ஆள்வோராகிய நம்முடையதே.