வதந்தியும் மாவுக்கட்டியும்

1958ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது, மட்டக்களப்பிலே படிப்பித்த பாணந்துறை ஆசிரியை ஒருவர் கொல்லப்பட்டார் என்ற கதை தென்னிலங்கையிற் பரவிற்று. விசாரித்தபோது, அப்படியோர் ஆசிரியை அங்கே இருக்கவேயில்லை என்பது தெரிந்தது. தார்சி வித்தாச்சி தமது ‘எமர்ஜென்சி ’58’ நூலில் இதனைப் பதிவுசெய்துள்ளார்.

அறுபதாண்டுகள் கழிந்தன. 2018 பெப்ரவரி 26ஆம் நாளிரவு, அம்பாறையில் முஸ்லிம் உணவகமொன்றின் கறியிற் கிடந்த கட்டியைக் கருவளத்தை அழிக்கும் மருந்தென்றனர் சிலர். சிங்களம் சரிவர அறியாத கடைக்காரர், சூழ்ந்துநின்றோர் மிரட்டிக் கேட்டபோது, கேள்வி விளங்காமலே ‘ஆம்’ என்றார். அக்காட்சி முகநூலிற் பரவிற்று. கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. பின்னர் அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களம் அது வெறும் மாவுக்கட்டியே என்றது. உண்டவரை நிரந்தர மலடாக்கும் மாத்திரை மருத்துவ உலகிலேயே இல்லை. எந்த மருத்துவ மாணவனும் சொல்லியிருப்பான். கேட்கத்தான் ஆளில்லை!

மார்ச் மாதம் திகன எரிந்தது. அங்கே சாரதியொருவரின் மரணம் தீப்பொறியாயிற்று. மாத்திரைக் கதை நெய்யாயிற்று. அரசு அவசரகால நிலையைப் பிரகடனம் செய்து, முகநூலையும் முடக்கிற்று. சிங்களப் பதிவுகளை வாசித்தறியப் போதிய ஆட்களை அமர்த்தாத அச்செல்வ நிறுவனம், வருத்தம் தெரிவித்தது 2020 மே மாதத்திலேதான்.