காஞ்சிபுரம் கரைச் சுற்றுலா

காஞ்சிபுரம் கரைச் சுற்றுலா என்பது, சென்னைத் துறைமுகத்தில் ஒரு பகல் மட்டும் நிற்கும் சுற்றுலாக் கப்பல்களின் பயணிகள் காஞ்சிபுரம் சென்று மாலைக்குள் கப்பலுக்குத் திரும்பும் பயணம் ஆகும். காஞ்சிபுரம் கடற்கரை ஊர் அன்று. துறைமுகத்திலிருந்து ஏறத்தாழ 75 கி.மீ. உள்நாட்டில் அமைந்துள்ளது. எனினும் கப்பல் பயணிகளுக்கான சுற்றுலாத் திட்டங்களில் மாமல்லபுரத்துக்கு அடுத்தபடியாக இவ்வூரும் இடம்பெறுவதுண்டு. கப்பல் புறப்படும் நேரம், கோயில் நடை சாத்தும் நேரம், தறியின் வேகம் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தாமையே இச்சுற்றுலாவின் முதன்மைச் சிக்கல் எனலாம்.

பின்னணி

கடல்துறையிலிருந்து காஞ்சிக்குச் செல்லும் வழி மிகப் பழமையானது. தொண்டைமான் இளந்திரையனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்ட பெரும்பாணாற்றுப்படை, நீர்ப்பெயற்று என்னும் துறைமுகத்தையும் அங்கிருந்த கலங்கரை விளக்கத்தையும் விவரித்தபின் திருவெஃகாவையும் கச்சி மாநகரையும் காட்டுகிறது. 7ஆம் நூற்றாண்டில் காஞ்சிக்கு வந்த சீனப் பயணி யுவான் சுவாங்கின் வாழ்க்கை வரலாறு, இவ்வூரையே தென்கடலின் துறையாகவும், இலங்கைக்கு இங்கிருந்து மூன்று நாள் கப்பல் பயணம் எனவும் குறிக்கிறது. உள்நாட்டு நகரம் துறைமுகம் எனப் பெயர் பெற்றதற்கு, கப்பல் ஏற வருவோர் காஞ்சியைக் கடந்தே சென்றது காரணமாகலாம். இலங்கையில் பஞ்சமும் குழப்பமும் நிலவுவதாக அங்கிருந்து வந்த துறவிகள் கூறியதால் அவர் கப்பல் ஏறவில்லை.

சென்னையில் கப்பலிலிருந்து கரை இறங்குவதே நெடுங்காலம் துன்பமாக இருந்தது. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட, ஆணியின்றிக் கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டிய மசூலா படகுகளே பயணிகளை அலைகளினூடே கரை சேர்த்தன. 1861இல் கடலுக்குள் நீளும் இறங்குபாலம் கட்டப்பட்டது. செயற்கைத் துறைமுகத்துக்கு 1875இல் அடிக்கல் நாட்டப்பட்டது. கட்டி வந்த சுவர்களை 1881ஆம் ஆண்டுப் புயல் சிதைத்தது. இன்றைய பயணி கப்பலிலிருந்து நேரே நடந்து பேருந்தில் ஏறுகிறார்.

நேரக் கணக்கு

கப்பல்கள் பெரும்பாலும் விடியற்காலையில் துறை சேரும். குடிநுழைவுச் சோதனை முடிந்து பேருந்து புறப்பட எட்டு மணி ஆகிவிடும். திருப்பெரும்புதூர் வழியாகக் காஞ்சியை அடைய இரண்டு மணி நேரம் எனக் கொண்டால், பத்து மணிக்கு ஊருக்குள் நுழையலாம். கப்பல் ஆறு மணிக்குப் புறப்படுமாயின், ஐந்து மணிக்குள் அனைவரும் கப்பலில் இருத்தல் வேண்டும். பிற்பகலில் நகரப் போக்குவரத்து நெரிசல் மிகுவதால், திரும்புவதற்கு இரண்டரை மணி நேரமும் அதற்கு மேல் அரை மணி நேரமும் ஒதுக்குவர். ஆகவே காஞ்சியில் கிடைப்பது பத்திலிருந்து இரண்டு வரையிலான நான்கு மணி நேரமே.

கப்பல் நிறுவனமே நடத்தும் சுற்றுலாவின் பேருந்து தாமதமானால் கப்பல் பொதுவாகக் காத்திருக்கும். தனியாக வண்டி அமர்த்திச் சென்றவருக்காகக் காத்திருப்பதில்லை. அவர் தம் சொந்தச் செலவில் அடுத்த துறைமுகத்தில் போய்ச் சேர்ந்துகொள்ள வேண்டியதுதான். நிறுவனச் சுற்றுலாவின் கட்டணம் கூடுதலாயினும் பலர் அதையே தேர்ந்தெடுப்பதற்கு இதுவே காரணம்.

கோயில்கள்

காஞ்சிக் கோயில்கள் நண்பகலில் நடை சாத்தப்பட்டு மாலை நான்கு மணியளவிலேயே மீண்டும் திறக்கப்படுகின்றன. அப்போது கப்பல் பயணி துறைமுகத்தை நெருங்கிக்கொண்டிருப்பார். எனவே கோயில்களுக்குக் கிடைப்பவை முதல் இரண்டு மணி நேரம் மட்டுமே. அதற்குள் ஐந்தாறு கோயில்களைக் காட்டிவிட முயலும் திட்டங்கள் உள்ளன. அவற்றில் கோபுர வாயில்களைத் தவிர வேறெதுவும் மனத்தில் நிற்பதில்லை. இரண்டு கோயில்களே பொருத்தமான அளவாகும்.

ஊரின் மேற்கு எல்லையிலுள்ள கைலாசநாதர் கோயில், 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்மன் எனப்படும் இரண்டாம் நரசிம்மவர்மனால் கட்டப்பட்டது. மணற்கல்லாலான இக்கோயிலின் சுற்றாலையில் 58 சிறு சன்னதிகள் உள்ளன; சிலவற்றில் பல்லவர் கால ஓவியங்களின் எச்சங்களைக் காணலாம். காஞ்சியைக் கைப்பற்றிய சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன், இக்கோயிலின் செல்வத்தைக் கவராமல் கோயிலுக்கே விட்டுச்சென்ற செய்தியைக் கன்னடக் கல்வெட்டாக இங்கே பொறித்துள்ளான். அடுத்து ஏகாம்பரநாதர் கோயிலுக்குச் செல்லலாம். அதன் 192 அடி உயர இராசகோபுரம் 1509இல் கிருட்டிணதேவராயரால் எழுப்பப்பட்டது. வழிபாட்டிலுள்ள பெருங்கோயில்களின் கருவறைப் பகுதிக்குள் இந்துக்கள் அல்லாதோர் அனுமதிக்கப்படுவதில்லை; வெளிப் பிரகாரங்களைப் பார்க்கலாம். பதினொரு மணிக்கு மேல் வெறுங்காலுடன் கல்தளத்தில் நடப்பது முதியோருக்குக் கடினம். கப்பல் பயணிகளில் முதியோரே மிகுதி என்பது குறிப்பிடத்தக்கது.

தறி

நடை சாத்திய பின் எஞ்சும் நேரத்தில் நெசவைப் பார்க்கலாம். பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் பகுதிகளில் பாவைத் தெருவில் நீட்டிக் கஞ்சியிடும் வேலை அதிகாலையிலேயே முடிந்துவிடுவதால், கப்பல் பயணிக்கு அது கிட்டுவதில்லை. அவர் காண்பது குழித்தறியில் நடக்கும் நெசவு. உடலும் கரையும் வெவ்வேறு நிறமுள்ள கோர்வைப் புடவைக்கு மூன்று நாடாக்கள் தேவை. நெசவாளருடன் துணையாள் ஒருவரும் அமர்ந்து ஒரு பக்கத்துக் கரை நாடாவை எறிவார். ஐந்தரை மீட்டர் புடவை ஒன்றை நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் உழைத்து 12 நாளில் முடிப்பதாகக் கொண்டால், அரை மணி நேரத்தில் நெய்யப்படுவது 3 செ.மீ.க்கும் குறைவு. வேலைப்பாடு கூடினால் அதுவும் இல்லை. பயணி பார்த்துவிட்டு எழும்போது, உட்கார்ந்தபோது இருந்த துணியே தறியில் இருப்பதுபோல் தோன்றும்.

பயணிகள் பலரும் காட்டப்பெறுவது, கடைக்குள் காட்சிக்காக வைக்கப்பட்ட தறியே. வழிகாட்டிக்கும் ஓட்டுநருக்கும் கடைகள் தரகு தரும் வழக்கமும் உண்டு; அது புடவை விலையில் சேர்கிறது. பெரும்பாலான நெசவாளர்கள், முதலாளியிடமோ கூட்டுறவுச் சங்கத்திடமோ பட்டும் சரிகையும் பெற்றுக் கூலிக்கு நெய்கின்றனர். ஆகவே கடையில் கொடுக்கும் கூடுதல் விலை தறியில் இருப்பவரைச் சென்றடைவதில்லை. சங்க விற்பனை நிலையத்தில் வாங்கினால், நெய்தவரே அச்சங்கத்தின் உறுப்பினராகவும் இருப்பார்.

வாங்குவோர் முத்திரைகளையும் பிரித்தறிதல் வேண்டும். 2004இல் அறிமுகமான சில்க் மார்க் இழை தூய பட்டு என்பதை மட்டுமே உறுதிசெய்கிறது. விசைத்தறிப் புடவைக்கும் அது கிடைக்கும். கையால் நெய்தது என்பதற்கு 2006இல் வந்த கைத்தறி முத்திரை வேறு. சரிகையின் தரத்தை இவ்விரண்டும் சொல்வதில்லை. காஞ்சிபுரம் பட்டுக்கு 2005ஆம் ஆண்டு முதல் புவிசார் குறியீடும் உண்டு.

மாமல்லபுரத்தையும் சேர்த்தல்

மாமல்லபுரத்துச் சின்னங்கள் நண்பகலில் மூடப்படுவதில்லை. இதனால் காலையில் காஞ்சியும் பிற்பகலில் மாமல்லபுரமுமாகச் சில திட்டங்கள் அமைகின்றன. இடையே 65 கி.மீ. சாலை இருப்பதால் தறியும் உணவும் கைவிடப்படும். ஒரே பகல் உள்ளவர்கள் ஏதேனும் ஓர் ஊரைத் தேர்ந்துகொள்வது நல்லது.

கப்பலில்

திரும்பும் பயணிகளின் அட்டைகள் ஏணிப்படியருகே சரிபார்க்கப்பட்டு, பைகள் ஊடுகதிர்ச் சோதனைக்கு உட்படுகின்றன. யார் திரும்பவில்லை என்பது இந்தக் கணக்கிலிருந்தே தெரியவரும்.

சென்னையிலிருந்தே புறப்படும் கப்பல்களுக்கு மேற்கண்ட நெருக்கடி இல்லை. 2022 சூன் மாதத்தில் கார்டிலியா நிறுவனத்தின் எம்பிரசு என்னும் கப்பல் இங்கிருந்து சேவையைத் தொடங்கியது. 1990இல் பிரான்சில் கட்டப்பட்ட இக்கப்பலின் நீளம் ஏறத்தாழ 211 மீட்டர். இதில் ஏறும் வெளியூர்ப் பயணிகள் முதல் நாள் மாலையே காஞ்சி சென்று, இரவு தங்கி, பாவு நீட்டும் வேளையில் தெருவில் நிற்க இயலும். 2023 சூன் மாதத்தில் அதே கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய இலங்கைத் துறைமுகங்களுக்குச் சென்றது. அங்கே கரை இறங்கிய தமிழகப் பயணிகள், ஒரு பகலுக்குள் கப்பல் திரும்ப வேண்டிய நிலையில் தாமே இருந்தனர்.